மூன்று கம்பிக்குக் காத்திருந்தவள்

அம்சவேணிக்கு என்ன வேண்டும் என்று அரளிக்காட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நகை இல்லை, நட்டு இல்லை, பட்டுச்சேலை இல்லை. மூன்று கம்பி. கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய மூன்று மின்சாரக் கம்பி. மலைமேல் இருக்கிற குண்டனி நாட்டில் வேறெந்தப் பெண்ணும் இப்படி ஓர் ஆசையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி இல்லை. ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மூன்று கம்பியும் வந்தால்தான் அவளுடைய புருஷன் வருவான் என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

புருஷன் பெயர் செல்வம். இன்ஜின் பைத்தியம். காரவல்லியிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் லாரியின் முக்கலைக் கேட்டே அது யாருடைய லாரி, அதற்கு எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். "கிளட்சு தேஞ்சு போச்சு, இது மேல வந்து சேராது" என்று சாமைக்காட்டில் களை பறித்துக்கொண்டே சொல்வான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அந்த லாரி வளைவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இப்பேர்ப்பட்டவனுக்கு, அண்ணன் தம்பிகளோடு பங்கு பிரித்த ஒரு துண்டுச் சரிவு நிலத்தில் எத்தனை நாள் மனசு நிற்கும்? 1997-இல் பொங்கல் கழிந்த கையோடு, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டுவிட்டான். "ஒரே வருசம் புள்ள. போன சுருக்குல வந்துருவேன்" என்றான். மகள் கலைமணி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் என்று அவன் சொன்னது எந்த ஊர்க் கணக்கோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். நாடே அப்போது தண்ணீருக்காக மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. ஆலை கட்டுகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும், அடுக்கு மாடி கட்டுகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும், காலேஜ் கட்டுகிறவனுக்கு வேண்டும், பருத்தி போடுகிறவனுக்கும் வேண்டும். அத்தனை பேருக்கும் திருச்செங்கோட்டு வண்டிதான் போய்த் துளை போட்டது. ஆந்திரா முடிந்தால் மத்தியப் பிரதேசம், அது முடிந்தால் குஜராத். ஒரு இடத்தில் குழிக்குள் இறக்கிய இரும்பு ராடைப் பிடுங்கி வண்டியில் அடுக்குவதற்குள் அடுத்த இடத்துக்காரன் வந்து நிற்பான். கொட்டுகிற மழைக்காலத்தில் வண்டி ஓய்ந்தால் சில நாள் ஊருக்கு வருவான் செல்வம். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் டீசல் வாடை போகாது. அவன் திரும்பிப் போனபிறகு அந்தச் சட்டையில் ஒன்றைத் துவைக்காமலே வைத்துக்கொள்வாள் அம்சவேணி. கேட்டால் கந்தல் துணி என்பாள்.

மற்ற நாளில் எல்லாம் டெலிபோன்தான் கதி. அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் அப்துல் அலீம் கடை. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மாவு மில், ஓரத்தில் மலையிலிருந்து வரும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் மிளகும் வாங்கிப் போடுகிற கொட்டகை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டெலிபோன், அதற்குப் பக்கத்தில் அலீமின் மனைவி ஷமீம் பானு. சனிக்கிழமை மத்தியானம் செல்வம் கூப்பிடுவான் என்பது ஏற்பாடு. அதற்காக அம்சவேணி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிடுவாள். ஷமீம் பானு டீ போட்டுக் கொடுப்பாள். மணி அடித்ததும் ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு, திடீரென்று பருப்பில் கல் பொறுக்க வேண்டிய அவசரம் வந்தவள் போல அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அப்படியொரு நாசூக்கு அந்தம்மாளுக்கு.

ஒரு சனிக்கிழமை டெலிபோன் மணி அடிக்கவே இல்லை. மில்லின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த அம்சவேணிக்கு என்ன தோன்றியதோ, எழுந்து பின்பக்கம் போனாள். இடுப்புயரப் பெட்டி ஒன்று தடதடவென்று ஆடிக்கொண்டு நெல்லை அரிசியாகத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். ஊருக்கு மேல் பாறையில் வெட்டிய உரலில் சாமை குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. சாமை இருக்கிறதே, அது லேசில் தோலை விடாது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பொழுது குத்த வேண்டும். இதற்குப் பயந்துதான் ஊரில் பாதிப் பேர் சாமையை விட்டுவிட்டுக் குச்சிக்கிழங்குக்கு மாறிவிட்டார்கள்.

"ஏனுங்க பாய், எங்கூர்ல இந்த மாதிரி ஒரு மெஷின் போட்டா என்னங்க?"

அலீம் சட்டையில் படிந்த தவிட்டைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "போடலாம் கண்ணு. எதுல ஓட்டறது? உங்கூர்ல கரண்ட் இருக்குதா? டீசல்ல ஓட்டுனா நீங்க குடுக்கற கூலி டீசலுக்கே பத்தாது. த்ரீ பேஸ் லைன் மேல வரட்டும். மூணு கம்பி வந்துச்சுன்னா மெஷின் என்னுது, மோட்டாரு என்னுது."

"ஓட்டறதுக்கு ஆளுங்க?"

"ஆளுக்கா பஞ்சம்? உங்கூட்டுக்காரன் தொட்டா செத்த மோட்டாருகூட எந்திரிச்சு உக்காருமே! அவனுக்கே வேலை. அல்லாஹ் சாட்சியா சொல்றேன் அம்சவேணி, கம்பியக் கொண்டாந்து காட்டு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை செல்வம் பேசியபோது, நலம் விசாரிக்கக்கூட விடாமல் மூச்சு முட்டச் சொல்லி முடித்தாள்.

"நெசமாவா புள்ள? அப்படி மட்டும் ஆச்சுன்னா நான் எதுக்கு இங்க புழுதியத் தின்னுட்டுக் கெடக்கறேன்? அன்னிக்கே பஸ் ஏறிருவேன்" என்றான். அவனுக்கும் ஏக்கம் இல்லாமலா?

அன்றிலிருந்து எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அவன் முதலில் கேட்பது இதைத்தான்: "கம்பி வந்துச்சா?"

கம்பி வரவில்லை. 1999-இல் ஒரு தராசு வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அருணாசலம் என்று ஒருவர். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற காலேஜ் வாத்தியார். கூட இரண்டு மாணவர்கள். ஊர்க்கவுண்டர் ராசப்பனைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் எரிக்கிற விறகை நிறுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்காக என்றும் சொல்லித்தான் இருப்பார்கள். ராசப்பனுடைய காதில் விழுந்தது 'விறகு', 'நிறுக்கணும்' என்ற இரண்டு சொல்தான். அவர் வந்து பலா மரத்தடியில் நின்று கையை விரித்தார்.

"வேற யாரு? பாரஸ்ட்காரங்கதான். காக்கிச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வெள்ளச் சட்டையில வாராங்க. எவ்வளவு மரம் வெட்டுனோம்னு நிறுத்துப் பாத்து ஆளுக்கொரு கேசு போடப்போறாங்க."

ஊரே பயந்துவிட்டது. அம்சவேணிக்குக் கேட்கவே வேண்டாம். போன கோடையில்தான் அவளுடைய தலைச்சுமையையும் கொடுவாளையும் ஒரு வனக் காவலர் பிடுங்கி வைத்துக்கொண்டார். அழுது மன்றாடித்தான் கொடுவாளை மீட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் அவளைப் பிடித்து ஆட்டியது அந்தப் பயம் மட்டும் இல்லை. அவள் யோசனை வேறு பக்கம் ஓடியது. காட்டை அழித்த ஊர் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த ஊருக்கு எவன் கம்பி கொடுப்பான்?

"எடுத்து மறைச்சுருவோம்" என்றாள் பெண்களிடம். "ஊட்டுக்கு ரெண்டு சுள்ளி மட்டும் கெடக்கட்டும். மத்தது அத்தனையும் கிழங்குக்காட்டுக்குள்ள."

சொல்லிவிட்டாளே தவிர, அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். அரளிக்காட்டுப்பட்டியில் விறகு வெறும் விறகு இல்லை. மழை பிடிப்பதற்கு முன்னால் வீட்டுப் பின்சுவரை ஒட்டி விறகை அட்டி கட்டி அடுக்கிவிட வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் அட்டியைத்தான் பார்ப்பார்கள். கோணாமல் மாணாமல் கூரை தொட நின்றால், இவள் குடும்பம் நடத்துவாள் என்று தலையாட்டுவார்கள். அம்சவேணியைச் செல்வத்துக்குக் கேட்டு வந்தபோது அவள் அம்மா வீட்டு அட்டியைப் பார்த்து மாமனார் வாயடைத்து நின்றார் என்பார்கள். இப்போது அவள் வீட்டு அட்டிதான் ஊரிலேயே உயரம். சந்தை நாளாகப் பார்த்து, ஆண்கள் இறங்கிப் போனதும், பெண்கள் எல்லாரும் பகல் முழுக்க விறகு சுமந்தார்கள். கிழங்குச் செடிகளுக்கு நடுவே போட்டு மேலே குச்சிகளை வெட்டிப் பரப்பினார்கள். தன் கையால் அடுக்கியதைத் தன் கையால் குலைக்கும்போது அம்சவேணிக்கு நெஞ்சு வலித்தது. கம்பி வரட்டும், இதைப் போல நாலு அட்டி அடுக்கலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

தராசு வந்தது. பலாக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடிச் சுள்ளி வந்தது. முள் அசைவேனா என்றது. அருணாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இத வெச்சா சோறு ஆக்கறீங்க?"

"போதுமுங்க சார்" என்றாள் அம்சவேணி, கண்ணை எடுக்காமல். "காலையில ஒருவாட்டி ஆக்குனா சாயங்காலம் வரைக்கும் ஓடிருமுங்க. நாங்க எல்லாம் காட்டுல கையே வெக்கறதில்லீங்க."

மனிதர் உருகிப்போனார். மரத்தடியிலேயே உட்கார்ந்து, வந்திருந்த பெண்களுக்கு உலகத்தையே விளக்க ஆரம்பித்துவிட்டார். "உலகத்துல எங்கெல்லாம் பணம் பெருகுதோ அங்கெல்லாம் எரிக்கறதும் பெருகுதும்மா. ஆலை ஓடணும், கார் ஓடணும், வீட்ல குளுகுளுன்னு மெஷின் ஓடணும். எல்லாத்துக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிச்சாகணும். அந்தப் புகை மேல போய்த் தங்கிடுது. பூமி கம்பளி போர்த்துன மாதிரி சூடாகுது. அமெரிக்காவுல ஒரு ஆள் விடற புகையில நம்ம நாட்டு ஆள் இருபதுல ஒரு பங்குதான் விடறான். நீங்க அதுலயும் சேத்தி இல்லை."

"பொகை ஏறுனா பணமும் ஏறுமுங்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கண்ணாயி. "எங்கூட்ல பொகைக்கு ஒண்ணும் கொறைச்சலில்லீங்களே சார், கண்ணே அவிஞ்சு போகுது. பணத்தைத்தான் காணோம்!"

அம்சவேணி அவள் விலாவில் இடித்த இடியில் கண்ணாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, அருணாசலம் சிரித்துவிட்டார்.

"அது வேற புகைம்மா. வெட்டுன மரம் மறுபடி தழைச்சா, விட்ட புகையைத் தானே வாங்கிக்கும். பூமிக்கு அடியில கெடந்ததை எடுத்து எரிக்கறோமே, அதுதான் கணக்குல ஏறிட்டே போகுது."

அம்சவேணிக்கு இதில் பாதி காதில் ஏறவில்லை. கம்பியைப் பற்றி எப்போது பேசுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பேசவில்லை. கை கூப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் கம்பங்கள் வந்தன. ஊருக்குள் கம்பம் சுமந்த ஆட்களைப் பார்த்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ராசப்பன் தேங்காய் உடைத்தார். அம்சவேணி கலைமணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் பின்னாலேயே ஓடினாள். மேலே கம்பி இழுத்தபோது அண்ணாந்து பார்த்தாள். ஒன்று. இரண்டு. அதோடு ஏணியை மடக்கிவிட்டார்கள்.

"மூணாவது எங்கீங்க அண்ணா?"

"மூணாவதா? உங்களுக்கு எதுக்கும்மா அது? ஊட்டுக்கு ஒரு லைட்டுன்னுதான் வந்திருக்கு. த்ரீ பேஸ் அந்தப் பக்கம் கரடிப்பாறைப்பட்டிக்குப் போகுது."

கரடிப்பாறைப்பட்டி ஓடைக்கு அக்கரையில் இருக்கிற ஊர். ஏன் அங்கே, ஏன் இங்கே இல்லை என்று அவளுக்குச் சொன்னது அலீம்தான். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. "யாரோ ஒரு சார் எடை போட்டாராமே கண்ணு. எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு பாக்கத்தான் அந்த எடையாம். கரடிப்பாறைக்காரங்க இருக்கற அட்டிய எல்லாம் காட்டிட்டாங்க. உங்கூர்ல எரிக்கறதே இல்லை, லைட்டு மட்டும் போதும்னு எழுதிட்டாராம். அங்கத்த ஆளு ஒருத்தரு எங்கிட்ட மெஷின் கேட்டு வந்துட்டாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

யாருக்காக மறைத்தாளோ அவனை அவளே அல்லவா வரவிடாமல் செய்துவிட்டாள்! ஷமீம் பானு டீ டம்ளரை நீட்டினாள். அம்சவேணி அதை வாங்கி ஓரமாக வைத்தாள்.

சனிக்கிழமை மணி அடித்தது. "கம்பி வந்துச்சா?" என்றான் செல்வம்.

"ரெண்டு வந்துச்சுங்க." மறைக்கத் தெரியாமல் அத்தனையும் கொட்டினாள். அட்டியைப் பிரித்தது, சுள்ளியைக் காட்டியது, தானே முன்னால் நின்று பேசியது எல்லாம். "என்னாலதானுங்க. என் வாயாலதான் போச்சு."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "விடு புள்ள. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றான். அதன் பிறகு அவன் கம்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள் குண்டு பல்பு எரிந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. அதன் கீழே உட்கார்ந்துதான் கலைமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாறை உரலில் குத்து நின்றபாடில்லை. செல்வம் ஹெல்பராக இருந்தவன் டிரில்லர் ஆனான். வண்டிக்கு அவன்தான் எல்லாம். மழைக்காலத்தில் வண்டி ஓய்வது போய், ஓயாமல் வேலை வந்தது. அவன் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. ஒரு சனிக்கிழமை குஜராத்திலிருந்து பேசினான்.

"இங்க பெரிய துணி ஆலைக்குள்ள போர் போடறோம் புள்ள. நெய்யற துணியெல்லாம் அமெரிக்காவுக்குப் போகுதாம். நூலுக்குக் கஞ்சி போடற மாவு மூட்டையப் பாத்தேன். சேலம்னு போட்டிருக்கு! நம்ம குச்சிக்கிழங்கு மாவு. நம்மூருக் கிழங்கு எனக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்குது."

"கிழங்கு போனா போகட்டும். அதுக்கு ஊட்ல யாரும் உக்காந்து அழுவறதில்லீங்க" என்றாள் அம்சவேணி. விளையாட்டாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். முடித்தபோது அது விளையாட்டாக இல்லை. ஷமீம் பானு பருப்புத் தட்டோடு எழுந்து உள்ளேயே போய்விட்டாள்.

2004-இல் அருணாசலம் மறுபடியும் வந்தார். முடி நரைத்திருந்தது. அந்த வருஷங்களில் மழையும் தாறுமாறாகிவிட்டது. விதைக்கும்போது பெய்யாமல் அறுக்கும்போது கொட்டியது. அதையும் சேர்த்து ஆராய வந்திருக்கிறோம் என்றார். தராசைக் கிளையில் மாட்டுவதற்குள் அம்சவேணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், மொதல்ல எங்கூட்டுக்கு வாங்க."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கூரை தொட நின்றது அட்டி. மனிதர் அண்ணாந்து பார்த்தார்.

"அன்னிக்கும் இது இருந்துச்சுங்க. கிழங்குக்காட்டுல மறைச்சுட்டோம். நீங்க கேசு போட வந்தவங்கன்னு நெனச்சுட்டோமுங்க."

அருணாசலம் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ! உங்க ஊரைப் பத்தி எத்தனை கூட்டத்துல பேசியிருக்கேன் தெரியுமா? வெளிநாட்டுல எல்லாம் போய் கைதட்டல் வாங்கிட்டு வந்துட்டேனேம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தார். நியாயமாக எழுதினார். போகிற போக்கில் கேட்டார்: "வீட்ல வேற ஏதாவது எரிக்கறீங்களா? மண்ணெண்ணெய், டீசல்?"

அம்சவேணி யோசித்தாள். "எங்கூட்டுக்காரரு வண்டி டீசல் குடிக்குதுங்க. ராவும் பகலும் ஓடுது. பேரல் பேரலா எரியுதாம். அதையும் எங்கூட்டுல சேத்து எழுதுங்க சார். அப்பவாச்சும் எங்கூருக்கு நெறைய வேணும்னு தெரியட்டும்."

"அது எங்க ஓடுது?"

"குஜராத்துலீங்க."

"அப்ப அது அங்கத்த கணக்கும்மா. எங்க எரியுதோ அந்த ஊர்லதான் எழுதணும்."

"வருசத்துல எல்லா நாளும் அங்கயே இருக்கறாருங்க. அங்கயேதான் சோறு. அப்ப அவரும் அங்கத்த கணக்குதானுங்களா?"

அருணாசலம் பேனாவை மூடிவிட்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? அவளும் பதிலுக்காகக் கேட்கவில்லை. மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

2006 மாசி மாசம் அரளிக்காட்டுப்பட்டிக்கு மூன்றாவது கம்பி வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வந்தது. மேட்டில் ஒரு டிரான்ஸ்பார்மரை நட்டார்கள். அப்துல் அலீம் சொன்ன சொல் தவறாத மனிதர். அதே மேட்டில் கிழக்குப் பக்கம் சும்மா கிடந்த கொட்டகையைச் சரி செய்து, சாமை உமி நீக்குகிற மெஷினையும் மோட்டாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தானே வந்து இறங்கினார்.

"கம்பியக் கொண்டாந்துட்ட. இனி ஆளு? செல்வத்துக்குச் சொல்லிட்டியா?"

சொல்லியிருந்தாள். இரண்டு சனிக்கிழமையும் 'பாக்கறேன் புள்ள, பாக்கறேன்' என்றுதான் அவன் சொன்னான். வண்டியில் இப்போது அவனுக்குக் கீழே அத்தனை ஆட்கள். அவன் இல்லாமல் ராடு இறங்காது. ஊருக்கு வந்து ஒற்றை மோட்டாரை வைத்துக்கொண்டு உட்கார அவனுக்கு மனசு வருமா? வரும் என்றுதான் அவள் நம்பினாள். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன தெரியும்?

"அவரு வார வரைக்கும் நான் ஓட்டறேனுங்க பாய்" என்றாள்.

அலீம் அவளை ஒரு பார்வை பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல், எங்கே கொட்ட வேண்டும், எதை எப்போது தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

முதல் நாள் காலை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் சாமைக் கூடையோடு வரிசை கட்டி நின்றார்கள். கண்ணாயிதான் முதல் ஆள். அம்சவேணி சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. ஒரு பக்கம் உமி பறக்க, மறு பக்கம் சாமை அரிசி பொலபொலவென்று கொட்டியது. குலவை விட்டார்கள் பெண்கள். அந்த அமளியில் அலீம் தன் செல்போனை நீட்டினார். அந்த மேட்டில்தான் டவர் கிடைக்கும். "செல்வம் நம்பர் போட்டுருக்கேன். பேசு."

அவள் ஃபோனை வாங்கி மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"கேக்குதுங்களா? நம்மூரு மெஷினுங்க!"

அந்தப் பக்கமும் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "கேக்குது புள்ள, கேக்குது! பெல்ட்டு நழுவுதே. லூசா இருக்குது. இறுக்கச் சொல்லு. ஆமா, யாரு ஓட்டறது?"

"நாந்தானுங்க."

அவன் ஏதோ சொன்னான். சிரித்தானா, வருத்தப்பட்டானா, தெரியவில்லை. ரிக் வண்டியின் கம்ப்ரஸர் அவன் குரலை முழுங்கிவிட்டது. "எப்பங்க வாரீங்க? மூணு கம்பியும் வந்துருச்சுங்க. எப்ப வாரீங்க?" என்று கத்தினாள். மறுபடி அவன் என்னவோ சொன்னான். இந்தப் பக்கம் மோட்டார், அந்தப் பக்கம் ரிக். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் பிடிபடவில்லை.

அம்சவேணி எட்டிப் போய் சுவிட்சை அணைத்தாள். மெஷின் தடதடத்து ஓய்ந்தது.

"நான் நிறுத்திட்டேனுங்க. இப்பச் சொல்லுங்க. நீங்களும் அதக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

அவன் உரக்கக் கத்தியதால் இது மட்டும் தெளிவாகக் கேட்டது. "இங்க நிறுத்த முடியாது புள்ள! பாதிக் குழியில நிறுத்துனா ராடு மாட்டிக்கும்!"

அதற்கப்புறம் வெறும் இரைச்சல். அவள் ஃபோனைக் கீழே இறக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேதான் அவன் நிற்கிறான் என்பதால், லைன் தானாக அறுந்து போகும்வரை காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் கண்ணாயி.

அம்சவேணி ஃபோனை அலீமிடம் கொடுத்துவிட்டு, குனிந்து பெல்ட்டை இறுக்கினாள்.